சாமைக்குள் ஒரு ஸ்க்ரூ

அக்காவிடமிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, சொந்தத்தில் யாருக்காவது கல்யாணம். இரண்டு, வீட்டில் ஏதாவது ரிப்பேர்.

"ஏண்டா, பத்திரிகையில கம்ப்யூட்டர் பத்தியெல்லாம் எழுதறியே... உன் மருமகன் லேப்டாப்புல இடமே இல்லையாம். ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போயேன்."

எழுதுகிறவனுக்கு வேலையும் தெரியும் என்று நம்புகிற அப்பாவி வாசகர்களில் என் அக்காவும் ஒருத்தி. நான் படித்தது பி.காம். லெட்ஜர் போடத் தெரியும். டிரையல் பேலன்ஸ் இடித்தால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளத் தெரியும். ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று பல்கலைக்கழகத்தில் சொல்லித் தரவில்லை.

அக்காவுக்கு சித்தேரியில் டீச்சர் வேலை. தர்மபுரி மாவட்டம். அரூர் போய், அங்கிருந்து பஸ் பிடித்து மலை ஏற வேண்டும். நினைத்த நேரத்தில் பஸ் கிடையாது. ஒரு சாமானை மறந்துவிட்டுப் போனால் அன்றைய பொழுது அம்பேல்!

இப்படித்தான் போன பொங்கலுக்கு ஒரு கூத்து நடந்தது.

★ ★ ★

மருமகன் சேலத்தில் இன்ஜினீயரிங் படிக்கிறான். அவன் வைத்திருப்பது கேமிங் லேப்டாப். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இதை லேப்டாப் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். கீபோர்டில் மாரியம்மன் பண்டிகை சீரியல் லைட் மாதிரி கலர் கலராக ஓடும். விளையாட ஆரம்பித்தால் உள்ளே இருக்கும் ஃபேன் ரைஸ் மில் சத்தம் போடும். சார்ஜர் மட்டும் ஒரு செங்கல்.

இத்தனை ஆடம்பரத்துக்கும் உள்ளே இருந்த இடம் 512 ஜி.பி. அதிகம்தானே என்பீர்கள். இன்றைய பெரிய விளையாட்டுகளில் பல, ஒவ்வொன்றும் நூறு ஜி.பி.க்கு மேல் கேட்கின்றன. மூன்று விளையாட்டு, விண்டோஸ், காலேஜ் சமாசாரங்கள், அக்கா கொட்டி வைத்த சில ஃபைல்கள்... தீபாவளி ரயிலில் அன்ரிசர்வ்டு பெட்டி மாதிரி ஆகிவிட்டது.

1956-ல் ஐ.பி.எம். கம்பெனி 'ராமேக்' என்ற கம்ப்யூட்டரோடு முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. இருபத்து நான்கு அங்குல விட்டத்தில் ஐம்பது தட்டுகள். ஒரு டன்னுக்கு மேல் எடை. அதில் அடங்கியது ஐம்பது லட்சம் எழுத்துக்கள், அதாவது சுமார் 3.75 எம்.பி. இன்றைய கணக்கில் ஒரே ஒரு சினிமாப் பாட்டு. அந்தக் காலத்தில் என் மருமகன் பிறந்திருந்தால், ஒரு பாட்டு கேட்க சித்தேரிக்கு லாரி ஏற்ற வேண்டியிருந்திருக்கும்.

பொங்கலுக்கு நான் என்ன செய்தேன்? சென்னையில் கடைக்குப் போய், "லேப்டாப்புக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் குடுங்க" என்றேன். அவர் இரண்டரை அங்குல டிஸ்க் ஒன்றை டப்பாவில் போட்டுக் கொடுத்தார். கரும்புக் கட்டோடு அதையும் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன். லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் திறந்தோம்.

அதற்கு உள்ளே இடமே இல்லை!

"மாமா, இதுக்கு எம்.2 வேணும்" என்றான் மருமகன். முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் கேட்கவில்லையாம். நியாயம்தான். டிஸ்க்கை ஒரு பழைய துண்டில் சுற்றி அக்கா பீரோவில் வைத்தாள். வியாபாரத்தில் இதற்கு டெட் ஸ்டாக் என்று பெயர்.

★ ★ ★

இந்தத் தடவை அரைகுறையாகப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கம்பெனிக்காரர்களே போட்டிருக்கும் சர்வீஸ் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். அதில் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நீங்களாவது ஒரு தடவையோடு மலை இறங்கலாம்.

லேப்டாப்பில் இரண்டாவது டிஸ்க் போட இரண்டு வழி. சில மாடல்களில் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு ஒரு குழி இருக்கும். அதிலும் ஏழு மில்லிமீட்டர் தடிமனா, ஒன்பதரையா என்று பார்க்க வேண்டும். சில மாடல்களில் குழி இருக்கும், அதை போர்டோடு இணைக்கும் பட்டை ஒயர் இருக்காது. அதைத் தனியாக வாங்க வேண்டும்.

இன்னொன்று எம்.2. பார்வைக்குச் சூயிங்கம் பட்டை. பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அதனால் 2280 என்று போட்டிருக்கும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே உருவத்தில் இரண்டு ஜாதி. ஸாட்டா ஒன்று, என்.வி.எம்.ஈ. ஒன்று. முனையில் இரண்டு வெட்டு இருந்தால் அநேகமாக ஸாட்டா. ஒரே வெட்டு என்றால் அநேகமாக என்.வி.எம்.ஈ. வேகத்தில் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம். சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு நூறு, நூற்றைம்பது எம்.பி. படிக்கும். ஸாட்டா எஸ்.எஸ்.டி. ஐந்நூற்றைம்பதைச் சுற்றி நின்றுவிடும். என்.வி.எம்.ஈ. ஆயிரக்கணக்கில் பறக்கும். நம் லேப்டாப்பின் துளை எந்த ஜாதியை ஏற்கும் என்று பார்த்துத்தான் சம்பந்தம் பேச வேண்டும்.

மருமகன் லேப்டாப் என்.வி.எம்.ஈ. மட்டும்தான் ஏற்கும் என்று தெரிந்தது. ஒரு டி.பி.யில் ஒன்று வாங்கினேன். அப்படியே, பீரோவில் தூங்கும் டெட் ஸ்டாக் ஞாபகம் வந்து, இரண்டரை அங்குல டிஸ்க்கைப் போட்டு யு.எஸ்.பி.யில் செருகுகிற கூடு ஒன்றும் வாங்கினேன். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்க பி.காம். மனசு ஒப்பவில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

★ ★ ★

சித்தேரியில் ஞாயிற்றுக்கிழமை காலை. வாசல் திண்ணையில் வெளிச்சம் நன்றாக இருந்தது. ஆபரேஷன் தியேட்டர் அங்கேதான்.

பக்கத்துத் தெரு ஆயா ஒருத்தி, அக்காவுக்குக் கொடுக்க சாமை அரிசி கொண்டுவந்து, அதே திண்ணையின் மறுகோடியில் முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

லேப்டாப்பை அணைத்தோம். சார்ஜரைப் பிடுங்கினோம். அடியில் பதினோரு ஸ்க்ரூ. எல்லாம் ஒரே நீளம் என்று நினைத்தால் மோசம் போவீர்கள். ஒரு காகிதத்தில் லேப்டாப் படம் வரைந்து, எந்த மூலை ஸ்க்ரூவோ அந்த மூலையில் வைத்தோம். பழைய ஏ.டி.எம். கார்டை இடுக்கில் விட்டு மெதுவாக நெம்பினால் 'டக் டக்' என்று மூடி கழன்றது. முதல் வேலை, உள்ளே இருக்கும் பாட்டரி ஒயரைக் கழற்றுவது. அடுத்தது, ஜன்னல் கம்பி மாதிரி ஏதாவது இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிடுவது. நம் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொறி சிப்பைக் கொன்றுவிடும்.

டிஸ்க்கைச் சாய்வாகச் செருகி, கீழே அமுக்கி, முனையில் ஒரு ஸ்க்ரூ போட்டால் வேலை முடிந்தது. அந்த ஸ்க்ரூவைப் பல சமயம் டிஸ்க்கோடு தர மாட்டார்கள். நல்ல வேளை, லேப்டாப்காரன் அந்தத் துளையிலேயே ஒன்றைப் போட்டு வைத்திருந்தான். கொசு சைஸில் ஒரு ஸ்க்ரூ.

அதைக் கையில் எடுத்தேன். தும்மல் வந்தது.

"மாமா! ஸ்க்ரூ எங்க?"

ஸ்க்ரூ ஆயாவின் முறத்தில்.

இரண்டு படி சாமை அரிசிக்குள் ஒரு கொசு ஸ்க்ரூ! நானும் மருமகனும் முறத்துக்குள் தலையை விடப் போனோம். ஆயா எங்கள் கையைத் தட்டிவிட்டாள். "கையை வுட்டு கலக்காத. தள்ளி நில்லு சாமி." முறத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து லேசாகத் தட்டினாள். சாமை அலை அலையாக முன்னால் நகர்ந்தது. கனமான சாமான் பின்னால் தங்கியது. நாலே தட்டு. ஸ்க்ரூ தனியாக முறத்தின் அடியில் மினுங்கியது.

"கல்லு பொறுக்கறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று என் உள்ளங்கையில் வைத்தாள். இருபது வயது இன்ஜினீயரும் முப்பத்தேழு வயது பட்டதாரியும் அசடு வழிந்தோம்.

★ ★ ★

மூடியைப் போட்டு, லேப்டாப்பை ஆன் செய்தால் புது டிஸ்க்கைக் காணோம். பதறக் கூடாது. புது டிஸ்க் என்பது வேலி போடாத நிலம். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற இடத்துக்குப் போய்ப் பட்டா போட வேண்டும். எம்.பி.ஆர்.ஆ, ஜி.பி.டி.யா என்று கேட்கும். பழைய எம்.பி.ஆர். முறைக்கு 2 டி.பி.க்கு மேல் சுலபத்தில் எண்ணத் தெரியாது. ஜி.பி.டி. என்று சொல்லுங்கள். பிறகு ஃபார்மட்.

"மாமா, ஏமாத்திட்டான்! ஒரு டி.பி.ன்னு வாங்கினீங்க, 931 ஜி.பி.தான் காட்டுது."

இங்கேதான் என் பட்டத்துக்கு மரியாதை கிடைத்தது. "ஏமாத்தல மாப்ளே. படி வேற. டிஸ்க் விக்கிறவன் ஆயிரம் ஆயிரமா எண்றான். விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நாலா எண்ணுது. லட்சம் கோடி பைட்டை 1024-ஆல மூணு தடவை வகுத்துப் பாரு." வகுத்தான். 931 வந்தது. மாமாவை முதன்முறையாக மதிப்போடு பார்த்தான்.

அந்த மதிப்பு இரண்டு நிமிஷம் நீடித்தது. அடுத்து அவன் செய்யப் போனதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

பழைய டிஸ்க்கை C என்றும் D என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தான். "D-யை அழிச்சி C-யோட சேர்த்துட்டா விண்டோஸுக்கு நிறைய இடம் மாமா. விளையாட்டெல்லாம் புதுசுல போட்டுக்கலாம். D-யில ஒண்ணுமில்ல. பழைய ஃபைலுதான்." 'டெலீட் வால்யூம்' மேல் மவுஸை வைத்துவிட்டான். 'எல்லாம் அழியும், சம்மதமா?' என்று கம்ப்யூட்டர் கேட்கிறது.

உள்ளேயிருந்து அக்கா குரல்: "டேய், ஆயாங்க பேசினதையெல்லாம் பத்திரமா வெச்சிருக்கியா?"

மருமகன் கை நின்றது. என் கை அவன் கை மேல் இருந்தது.

"அது... D-யிலதான் இருக்கும்மா."

"போன்ல?"

"போன்ல இடமில்லன்னு நீதானே அழிக்கச் சொன்னே?"

★ ★ ★

விஷயம் இதுதான். ஒன்பது வருஷமாக அக்கா இந்த மலையில் இருக்கிறாள். சாயங்காலம் சும்மா இருக்க மாட்டாமல், ஊர்க் கிழவிகளைப் பேசவிட்டு போனில் பதிவு செய்திருக்கிறாள். சாமை எப்போது விதைப்பது, மழை வராத வருஷம் என்ன கிழங்கு தோண்டித் தின்றார்கள், எந்தப் பாறைக்கு என்ன பெயர், குழந்தையைத் தூங்க வைக்க என்ன பாட்டு... எல்லாம் சேர்த்து 6 ஜி.பி. ஒரு விளையாட்டின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. போன் நிறைந்ததும் மகனிடம் கொடுத்து லேப்டாப்பில் ஏற்றச் சொன்னாள். ஏற்றினான். போனில் இருந்தது போனது. உலகத்தில் ஒரே பிரதி D-யில்.

அவர்களில் மூத்த ஆயா ஒருத்தி போன தை மாதம் தவறிவிட்டாள்.

நான் ஏன் அவ்வளவு வேகமாகக் கையை நீட்டினேன் என்றால், எனக்குச் சூடு பட்ட அனுபவம் உண்டு. 2017-ல் ஒரு நாள் காலை என் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் 'டக்... டக்...' என்றது. அவ்வளவுதான். அதோடு பதினோரு கட்டுரைகள் போயின. (வாசகர்கள் தப்பித்தார்கள்.) என் மகள் முதல்முதலாக நாலு அடி எடுத்து வைத்த வீடியோவும் போனது. கட்டுரையைத் திரும்ப எழுதிவிடலாம். அவளை இரண்டாவது முறை முதல் அடி வைக்கச் சொல்ல முடியாது.

மருமகன் சமாதானம் சொன்னான். "இப்பதான் ரெண்டு டிஸ்க் இருக்கே மாமா. D-யில ஒண்ணு, புதுசுல ஒண்ணு காப்பி போட்டுடறேன். சேஃப்!"

இங்கேதான் நாம் எல்லோருமே கோட்டை விடுகிறோம். இரண்டாவது டிஸ்க் தருவது இடம். பாதுகாப்பு வேறு சமாசாரம். லேப்டாப் பஸ்ஸில் திருடு போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும். காபி கொட்டினால் இரண்டும் சேர்ந்துதான் குடிக்கும். வைரஸ் வந்தால் இரண்டையும் நலம் விசாரிக்கும். பாங்க்கில் பணம் கட்டினால் சலானை ஏன் கிழித்து ஒரு துண்டை நம் கையில் தருகிறார்கள்? இரண்டு துண்டும் பாங்க்கிலேயே இருந்தால் நமக்கு என்ன பிரயோஜனம்?

நம் முன்னோருக்கு இது நன்றாகவே தெரியும். பனை ஓலை செல்லரிக்கும். அதனால் பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏடு எழுதிக்கொண்டே இருந்தார்கள். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவர முடிந்ததற்கு, அதன் பிரதிகள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வீடுகளில் தங்கியிருந்ததும் ஒரு காரணம். பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்ட கதையும் அவருடைய 'என் சரித்திர'த்தில் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு ஏடு வைத்திருந்தால் கரையானுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். 1981-ல் யாழ்ப்பாணம் நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறு எங்கும் பிரதி இல்லாதவையும் அதில் இருந்தன. அவை போனது போனதுதான். இன்று ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து சேமிக்கும் 'நூலகம்' திட்டம் 2005-ல் ஆரம்பித்தது.

மருமகனிடம் ஒரு கணக்குப் போடச் சொன்னேன். "இந்த டிஸ்க்குல இருக்கறதுல, தொலைஞ்சா திரும்ப டவுன்லோடு பண்ணக்கூடியது எவ்வளவு? பண்ண முடியாதது எவ்வளவு?" விரல் விட்டு எண்ணினான். விளையாட்டு, விண்டோஸ், சினிமா எல்லாம் திரும்பக் கிடைக்கும். கிடைக்காதது அந்த 6 ஜி.பி.யும் சில குடும்பப் போட்டோக்களும்தான்.

பீரோவிலிருந்து டெட் ஸ்டாக் வெளியே வந்தது. கூட்டில் போட்டுச் செருகினோம். அங்கேயும் ஒரு டி.பி. டிஸ்க்தான் என்பதால், எது புதுசு, எது வெளி டிஸ்க் என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்த பிறகே தொட்டோம். (நீங்கள் வாங்கும்போது வேறு வேறு அளவில் வாங்குங்கள். அளவைப் பார்த்தே அடையாளம் தெரியும்.) சில நிமிஷத்தில் 6 ஜி.பி.யும் ஏறியது. சரியாக ஏறியதா என்று பார்க்க ஒன்றைத் திறந்தோம்.

செத்துப் போன ஆயாவின் குரல் திண்ணையில் கேட்டது. ஏதோ பாறையைப் பற்றி ஆரம்பித்து, நடுவில் இருமி, யாரையோ திட்டிவிட்டு, மறுபடி பாறைக்கு வந்தாள்.

முறத்தின் சத்தம் நின்றுவிட்டது. "எங்க அக்கா" என்றாள் ஆயா.

திட்டு வாங்கியது அவள்தானாம்.

முழுவதையும் கேட்டாள். பிறகு இன்னொரு தடவை கேட்டாள். "இது இந்தப் பொட்டியிலதான் இருக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல ஆயா. இதுல ஒண்ணு. நான் பட்டணத்துக்கு எடுத்துட்டுப் போறது ஒண்ணு. ரெண்டு எடத்துல இருக்கும்."

ஆயா தலையாட்டினாள். "வெதச் சாமையும் அப்பிடித்தான். எல்லாத்தையும் ஒரே ஊட்டுல வெக்க மாட்டோம். எங்கூட்டு வெதைய எலி தின்னுட்டா அக்கா ஊட்டுல இருக்கும்." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "எனக்கு ஒண்ணு குடுக்க மாட்டியா?"

எங்கள் மூன்று பேருக்கும் இது தோன்றவே இல்லை பாருங்கள்! அக்கா முகம் சுருங்கிவிட்டது. அன்று சாயங்காலமே ஆயாவின் பேரனை வரவழைத்து, அவன் போனின் மெமரி கார்டில் அவன் பெரிய ஆயாவின் பேச்சு அத்தனையும் ஏற்றிக் கொடுத்தான் மருமகன்.

D அப்படியே இருக்கிறது. விளையாட்டெல்லாம் புது டிஸ்க்குக்குக் குடிபோயாயிற்று. புதிதாக ஒரு விளையாட்டை இறக்கப் பார்த்தான். 120 ஜி.பி. மலையில் கிடைக்கிற சிக்னலுக்கு ஐம்பத்து மூன்று மணி நேரம் என்று காட்டியது. சேலம் ஹாஸ்டலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று மூடிவிட்டான்.

ஊர் திரும்பும்போது அக்கா ஒரு மஞ்சள் பையில் சாமை அரிசி கட்டிக் கொடுத்தாள். டிஸ்க்கையும் துண்டில் சுற்றி அதிலேயே வைத்தேன். வீட்டில் பையைப் பிரித்த என் மனைவி, "இது என்ன, சாமைக்குள்ள ஒரு டப்பா?" என்றாள்.

"விதை. பீரோல வை."

ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் வைத்தாள். வைத்துவிட்டுக் கேட்டாள்: "பாப்பா ஸ்கூல் டிராமா வீடியோ உங்க லேப்டாப்புல மட்டும்தானே இருக்கு?"

இதை எழுதி முடித்தவுடன் முதல் வேலை அதுதான்.